யானை பஸ் ஏறின ஞாயித்துக்கிழமை

ஊற வெச்ச அவரைக் கொட்டையைப் பிதுக்கிக்கிட்டே இதை எழுதறேன். நாலு கொட்டை பிதுக்கறது, கையை முந்தானையில துடைக்கறது, ஒரு வரி எழுதறது. காயிதத்துல அங்கங்க ஈரம் பட்டிருக்கும். அழுதுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அழற அளவுக்கு ஒண்ணும் நடக்கல. வருத்தப்படற அளவுக்குத்தான் நடந்திருக்கு.

ஒரு முடிவு பண்ணியிருக்கேன். இனிமே எங்க வூட்டுக்காரர் கையில யார் எந்தக் காயிதத்தைக் குடுத்தாலும் அதை நான் வாங்கி, உரக்க, தெளிவா, கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டிட்டுத்தான் மறுவேலை. இந்த முடிவைக் கொஞ்சம் முன்னாடியே பண்ணியிருந்தா அந்த சிவப்பு ஸ்டூல் இன்னும் என்கிட்டயே இருந்திருக்கும்.

ஸ்டூலைப் பத்தி முதல்ல சொல்லிடறேன்.

எங்க கோரமண்டல் லைன்ல, மைன் ஆளுங்களுக்குக் கட்டின வரிசை வூடுங்க நடுவுல, புத்த விகார் ஹால் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில அங்க சின்னப் பசங்களுக்குத் தமிழ் வகுப்பு. நடத்தறது வாணி, பி.எட். படிக்கிற பொண்ணு. இங்க பசங்க எல்லாம் கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் படிக்கறாங்க. வூட்ல பேசற தமிழை எழுதச் சொன்னா பேனாவைக் கடிக்கறாங்க. அதுக்காகத்தான் அந்த வகுப்பு. என் பொண்ணு தென்றல் ரெண்டாவது படிக்கிறா. அவளைக் கொண்டு வுடப் போன ஒரு நாள் வாணிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. காத்துதான் வருது, பேச்சு வரல. வாசல்ல நின்ன என் கையில ஒரு படப் புத்தகத்தைத் திணிச்சு, ஸ்டூலைக் காட்டினா.

நான் ஆறாவது வரைக்கும்தான். தமிழ் மீடியம். என் குரல் அடுப்படி தாண்டினதில்ல. பால்காரர்கிட்டகூட எத்தனை பாக்கெட்டுன்னு விரலைத்தான் காட்டுவேன். அப்படிப்பட்டவ ஸ்டூல்ல உக்காந்து படிச்சேன். பசங்களுக்குக் கேக்கல. கத்தப் போறாங்கன்னு பயந்தேன். கத்தல. நகந்து நகந்து கிட்ட வந்தாங்க. கதை முடியறப்ப ஒரு பொண்ணு என் முட்டி மேல தாடையை வெச்சுக்கிட்டிருந்தா.

வாணிக்குத் தொண்டை சரியாயிடுச்சு. ஸ்டூல் மட்டும் எனக்கே இருந்துச்சு. மத்த நாள் எல்லாம் நான் தென்றல் அம்மா, கௌதமன் சம்சாரம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நளினி.

இப்ப பாடத்துக்கு வரேன். வாணி இந்தத் தடவை எடுத்தது கடுதாசி எழுதற பாடம். 'நலம், நலமறிய ஆவல்' கடுதாசி இல்ல. கேட்டு வாங்கற கடுதாசி. படிக்கிறவங்க மனசு அசையணும். அதுக்கு ஒரு படப் புத்தகம் கொண்டு வந்தா. ஒரு யானைக்கு பஸ்ஸில போகணும்னு ஆசை. கண்டக்டர் ஏத்த மாட்டேங்கறார். யானை அவருக்குக் கடுதாசி மேல கடுதாசி போடுது.

எழுத்து இருக்கற இடத்தை உள்ளங்கையால மூடிட்டு படத்தை மட்டும் காட்டுவேன்.

"கண்டக்டர் மூஞ்சி எப்படி இருக்கு?"

"கோவமா!"

"இன்னாத்துக்குக் கோவம்?"

"யானை ஏறினா டயர் வெடிச்சிடும்!"

"அப்ப யானை இன்னா எழுதணும்?"

"எனக்கு ரொம்ப ஆசையா இருக்குன்னு!"

"உனக்கு ஆசையா இருந்தா அவருக்கு இன்னா?"

பசங்க திருதிருன்னு முழிப்பாங்க. திரும்பவும் கண்டக்டர் மூஞ்சியைப் பாப்பாங்க. அப்புறம் ஷில்பா மெதுவா சொல்லுவா, "பஸ் ரிப்பேரானா நானே தள்றேன்னு எழுதலாம் அத்தை."

அவ்ளோதான் பாடம். கேக்கறது உனக்கு, காரணம் அவங்களுக்கு. அவங்க எப்படி முடியாதுன்னு சொல்லுவாங்கன்னு முன்னாடியே யோசிச்சு அதுக்கும் பதில் எழுதிடணும். கடைசியில 'சரி', 'முடியாது'ன்னு ரெண்டு கட்டம் போட்டு, கையெழுத்துக்கு இடம் வுடணும். அந்தக் கட்டம் நான் குடுத்த யோசனை. வாணி கையைப் பிடிச்சுக் குலுக்கினா. நான் சொந்தமா யோசிச்சு ஊர்ல நடைமுறைக்கு வந்த ஒரே விஷயம் அது. யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

பசங்களுக்கு வெறி பிடிச்சுது. விநாயக் அவங்க அம்மாவுக்கு எழுதினான், 'உப்புமாவுல பீன்ஸ் போடாதீங்க, நறுக்கற நேரத்துல நீங்க சீரியல் பாக்கலாம்'னு. அந்தம்மா 'சரி'யில டிக் போட்டு அனுப்பிட்டாங்க. அவ்ளோதான். லைன்ல ஒருத்தரையும் பசங்க வுடல. தண்ணி டேங்கர் டிரைவருக்குக்கூட ஒரு கடுதாசி போச்சு.

எங்க வூட்டுக்குக் கடுதாசி புதுசு இல்ல. எங்க மாமனார் தங்க மைன்ல, ஆஜர் எழுதற டைம் ஆபீஸ்ல இருந்தவர். லீவா, பூட்ஸா, ஷிப்ட் மாத்தணுமா, எதுவா இருந்தாலும் 'எழுதிக் குடு'ம்பார். மைனை மூடிட்டாங்க. அந்த வார்த்தை மட்டும் எங்க வூட்ல இன்னும் மூணு ஷிப்டும் பாக்குது. மகன் கௌதமன், அதாவது எங்க வூட்டுக்காரர், அதை அப்பாகிட்ட இருந்து அப்படியே வாங்கிக்கிட்டார்.

"இன்னாங்க, ஒரு தடவை பேத்தமங்களா போயி எங்க அம்மாவைப் பாத்துட்டு..."

"எழுதிக் குடு. பாக்கலாம்."

கல்யாணமான புதுசுல எழுதியும் குடுத்தேன். வாங்குவார். ஒரு பார்வை பாப்பார். மடிச்சு சட்டைப் பையில வெப்பார். "யோசிச்சு சொல்றேன்"ம்பார். துவைக்கும்போது அது பையில இருந்து கூழா வரும். என் கோரிக்கை அத்தனையும் சோப்புத் தண்ணியோட சாக்கடையில போச்சு.

ஒரு நாள் சந்தைக்குக் கிளம்பினவர் கையில சீட்டு குடுத்தேன். 'கொத்தமல்லி ஒரு கட்டு.' வாங்கிப் பாத்தார். நெத்தியைச் சுருக்கி ரொம்ப நேரம் பாத்தார்.

"யோசிச்சு சொல்றேன்."

கொத்தமல்லிக்கு யாராவது யோசிப்பாங்களா?

அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. அவர் படிச்சது கன்னட மீடியம். பத்தாவது பாஸ். கன்னடம் எழுதுவார், இங்கிலீஷ் எழுதுவார், தெலுங்குல சண்டை போடுவார், இந்தியில பேரம் பேசுவார். தமிழ்ல பேச ஆரம்பிச்சா ரயிலே நின்னு கேக்கும். எழுத்து மட்டும் ஒண்ணுகூடத் தெரியாது. அதைப் போயி ஆறாவது படிச்ச பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்லுவார்? நானும் கேட்டுக்கல. "கொத்தமல்லிங்க"ன்னு வாயால சொன்னேன். வாங்கிட்டு வந்தார், கறிவேப்பிலையும் சேத்து. நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷனைத்தான் நான் மாட்ட வுட்டுட்டேன்.

வாரம் பூரா அவர் விடியக்காலை ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போயிடுவார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூக்கம். அந்தத் தூக்கத்தை யாரும் தொடக் கூடாது. ஒரு நாள் தென்றல் காயிதத்தோட என்கிட்ட வந்தா, எழுத்துப் பிழை பாக்கச் சொல்லி.

'அன்புள்ள அப்பா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்புக்கு வந்து யானை புத்தகம் படிக்க வேண்டும். ஏனென்றால் உங்கள் குரல் ரொம்பப் பெரிசு. நீங்கள் பாத்ரூமில் இருந்து துண்டு கேட்டால் ஸ்டேஷனில் இருப்பவர்கூட எடுத்துக் கொடுப்பார். நீங்கள் நடக்க வேண்டாம், ஹால் நாலு வீடு தள்ளித்தான். தூக்கம் வந்தால் அங்கே பாய் இருக்கிறது. எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேலை தூங்குவது. அதை சனிக்கிழமையே சீக்கிரம் ஆரம்பித்து முடித்துவிடலாம். இப்படிக்கு உங்கள் மகள் தென்றல்.'

கீழ ரெண்டு கட்டம்.

படிச்சதும் நெஞ்சுல சுருக்குன்னுச்சு. யானைப் புத்தகம் நான் படிக்கிறதாச்சே. என் ஸ்டூலாச்சே. அப்புறம் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். இவராவது, தமிழ்ப் புத்தகத்தை நாலு பேர் முன்னாடி படிக்கறதாவது! 'முடியாது'ல டிக் விழும். ஸ்டூல் எங்கயும் போகாது. ரெண்டு பிழையைத் திருத்தி, "நல்லா இருக்கு கண்ணு, குடு"ன்னு அனுப்பினேன். அவர் படிக்காமலே போடுவார்ங்கறது எனக்கு எப்படித் தோணாம போச்சோ.

அவர் வந்து சாப்பிட உக்காந்தார். தென்றல் காயிதத்தை நீட்டினா. வாங்கி, கையை நீட்டிப் பிடிச்சுப் பாத்தார். மைன் குழியில ஆளை இறக்கற கேஜ் மாதிரி கண்ணு மேல இருந்து கீழ சர்ருன்னு இறங்குச்சு. எந்த லெவல்லயும் நிக்கல.

"ம். நல்லா எழுதியிருக்கே."

"சரியாப்பா?"

"யோசிச்சு சொல்றேன்."

"யோசிக்கக் கூடாதுப்பா. நாளைக்கு வாணி அக்காகிட்ட குடுக்கணும். டிக் போடணும், கையெழுத்து போடணும்."

அவர் என்னைப் பாத்தார். அந்தப் பார்வையில ஒரு கேள்வி இருந்துச்சு. "இன்னா எழுதியிருக்கா?"ங்கற ஒரே கேள்வி. நான் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நான் ரசம் ஊத்தினேன்.

"எங்க போடணும்?"

"இங்க. இது சரி. இது முடியாது."

பொண்ணு மூஞ்சியைப் பாத்துட்டு எந்த அப்பன் 'முடியாது'ல போடுவான்? 'சரி'யில டிக். கீழ இங்கிலீஷ்ல, பேங்க்ல போடற மாதிரி பெரிய கையெழுத்து. தென்றல் வுடல.

"எந்தக் காரணம் பிடிச்சுதுப்பா?"

"எல்லாமே."

"ஒண்ணுதான் சொல்லணும்."

"ரெண்டாவது."

"நடக்க வேணாம்னு எழுதினேனே, அதுவா?"

"அதேதான்! நடக்கறதுன்னாலே எனக்கு ஆகாது."

"எங்க நடக்க வேணாம்னு எழுதினேன்?"

"நளினி, இந்த ரசத்துல உப்பு இல்ல."

ரசத்துல உப்பு சரியாத்தான் இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு வந்தவர் சட்டைகூடக் கழட்டாம அடுப்படி வாசல்ல நின்னார்.

"ஸ்டேஷன்ல வாணியைப் பாத்தேன்."

"அப்படியா."

"'ஞாயித்துக்கிழமை வரீங்கல்ல அண்ணா, பசங்க எல்லாம் ஒரே குஷி'ங்குது."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"வராம இன்னான்னேன்."

"நல்லது."

சட்டை மேல் பொத்தானைக் கழட்டினார். அப்புறம், "எதுக்கு வரேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"அப்ப சரி."

தண்ணி குடிச்சார். கூடத்துக்குப் போயிட்டு வந்தார். "நாற்காலி தூக்கிப் போடத்தானே?"

"இல்லீங்க."

"சுண்ணாம்பு அடிக்கறாங்களா?"

"அவதான் கடுதாசியிலயே தெளிவா எழுதியிருந்தாளே."

"எழுதியிருந்தா. அவ கையெழுத்து இருக்கே..."

"கோழி கிளறினாப்பலவா?"

"அதான்! அதான்! ஒரு இடத்துல மட்டும் சரியாத் தெரியல."

எந்த இடத்துலன்னு நான் கேக்கல. "பசங்க முன்னாடி யானைப் புத்தகம் படிக்கறேன்னு ஒத்துக்கிட்டிருக்கீங்க. முழுசா. உரக்க"ன்னேன்.

அரிசி டின் மேல உக்காந்துட்டார்.

"கன்னடத்துல இருக்கா அது?"

"இல்ல."

"இங்கிலீஷ்ல?"

"இல்லீங்க."

"யானைக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

அப்பவாவது நான் சொல்லியிருக்கலாம், "உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு வாணிகிட்ட சொல்லிடறேன்"னு. சொல்லல. அவரே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். 'எனக்குத் தமிழ் படிக்க வராது நளினி, நீயே போயி படி'ன்னு ஒரு வார்த்தை. அதைக் கேக்கணும்னு ஒரு ஆசை. ஆசை யாரை வுட்டுச்சு.

அவர் சொல்லல. அடுத்த நாள், தென்றல் வாணிகிட்ட வாங்கிட்டு வந்திருந்த புத்தகத்தை எடுத்துக்கிட்டு ரயிலுக்குப் போனார். போனை அது மேல பிடிச்சா அதுவே கன்னடத்துல மாத்திச் சொல்லுமாம். சொல்லுச்சு. போன் சொன்ன கதையில யானைக்கும் கண்டக்டருக்கும் கல்யாணம் ஆயிடுச்சாம். பெட்டியில கூட வந்தவங்க எல்லாம் மொய் எவ்ளோன்னு கேட்டாங்களாம். திரும்பி வந்ததும் என் முன்னாடி புத்தகத்தை வெச்சார்.

"இது சின்னப் பசங்களுக்கு ஏத்த புத்தகமான்னு நான் செக் பண்ணணும். நீ படி. நான் கேக்கறேன்."

படிச்சேன். கண்ணை மூடிக்கிட்டு கேட்டார். உதடு மட்டும் அசைஞ்சுது.

"இன்னொரு தடவை. அந்த டயர் விஷயம் எனக்கு சந்தேகமா இருக்கு."

சனிக்கிழமைக்குள்ள அந்தப் புத்தகத்தை அவர் எத்தனை தடவை செக் பண்ணார்னு எனக்கு நினைவில்ல. குளிக்கும்போது உள்ள இருந்து யானை பேசுச்சு. செருப்பு போடும்போது கண்டக்டர் பேசினார்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மனுஷன் தலைக்கு எண்ணெய் வெச்சு, இஸ்திரி சட்டை போட்டு, வகுப்புக்குப் போனார். என் ஸ்டூல்ல உக்காந்தார். ஸ்டூல் கிறீச்சுன்னுச்சு. நான் செருப்பு வுடற இடத்துக்குப் பக்கத்துல, கதவோரமா உக்காந்தேன்.

முதல் பக்கத்தைத் திறந்தார். ஒரு வரி சரியா சொன்னார். ரெண்டாவது வரி பாதியில நின்னுச்சு. கண்ணு என்னைத் தேடிச்சு. போச்சுடான்னு நினைச்சேன். பாவமாவும் இருந்துச்சு, உள்ளுக்குள்ள எங்கயோ ஒரு ஓரத்துல கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. அந்த ஓரத்தை இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

அவர் புத்தகத்தைப் பாக்கறதை வுட்டுட்டார். எழுந்து நின்னார்.

"முந்தக்கே ஹோகி! முந்தக்கே ஹோகி! உள்ள போங்கம்மா, உள்ள கிரிக்கெட்டே ஆடலாம்!"

ஹால் அதிர்ந்துச்சு. வாயிலயே விசில் அடிச்சார். புத்தகத்துல ஊர் பேரே கிடையாது. இவர் பஸ்ஸை எங்க ஊர் ராபர்ட்சன்பேட்டையில கிளப்பினார். யானை எல்லை தாண்டி இருக்கற குப்பம் ஊர்க் காட்டுல இருந்து வந்துதாம், அதனால அதுக்குத் தெலுங்குதான் வருமாம். "அன்னா, நேனு எக்குதானு!"ன்னு, நானும் ஏறிக்கறேன்னு, அது கெஞ்சுது, கண்டக்டர் கன்னடத்துல விரட்டறார், டிரைவர் நம்ம தமிழ்ல, "இன்னா நைனா அங்க சத்தம்?"ங்கறார். பசங்க உருள்றாங்க. வாணி துப்பட்டாவை வாயில அடைச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சுட்டா.

விநாயக் மட்டும் கையைத் தூக்கினான். "மாமா, அந்தப் பக்கத்துல மழை பெய்யுது! நீங்க வெயில்னு சொல்றீங்க!"

"பெய்யட்டும்டா. யானைகிட்ட குடை இருக்கு."

"குடை படத்துல இல்லியே!"

"பஸ்ஸிலயே மறந்து வெச்சுட்டு இறங்கிடுச்சு. உங்கப்பா மறக்கல?"

கடைசியில யானையைப் பேத்தமங்களாவுல இறக்கி, ஏரியில குளிக்க வெச்சு, கண்டக்டருக்கு முதுகு தேய்ச்சு வுட வெச்சுட்டுத்தான் புத்தகத்தை மூடினார். நான் படிக்கும்போது பசங்க நகந்து கிட்ட வருவாங்க. இவர் படிக்கும்போது பசங்க நகந்து பின்னாடி போனாங்க, யானைக்கு இடம் வுட்டு.

கைத்தட்டல் அடங்கினதும் வாணி கேட்டா, "இன்னிக்கு கடுதாசி யாருக்கு எழுதலாம்?"

"நளினி அத்தைக்கு!"

எனக்கா! மனசு பால் மாதிரி பொங்கிச்சு. பாத்தியா, என்னை மறக்கலன்னு நினைச்சேன். பசங்க குனிஞ்சு குனிஞ்சு எழுதினாங்க. கத்தையா மடிச்சு என் கையில குடுத்தாங்க. வூட்ல போயி நிதானமா படிக்கலாம்னு மடியில கட்டிக்கிட்டேன்.

வழியில அவர் நெஞ்சை நிமித்தி நடந்தார்.

"எப்படி? ஒரு எழுத்து வுடாம படிச்சேன் இல்ல?"

"நீங்க படிக்கவே இல்லப்பா"ன்னா தென்றல்.

"இன்னாடி சொல்றே?"

"உங்களுக்குத் தமிழ் படிக்க வராதுல்ல."

அவர் திரும்பி என்னை முறைச்சார். நான் தலையை ஆட்டினேன், சத்தியமா நான் சொல்லலன்னு.

"அம்மா சொல்லல. பஸ் போர்டு கன்னடத்துல இருந்தா உடனே படிக்கறீங்க. கல்யாணப் பத்திரிகை தமிழ்ல வந்தா கண்ணாடி எடுத்துட்டு வரலங்கறீங்க. உங்ககிட்ட கண்ணாடியே இல்லியேப்பா."

நாலு வூடு தூரம் அன்னிக்கு ரொம்ப நீளமா இருந்துச்சு.

"தெரிஞ்சும் எனக்கு எதுக்குடி கடுதாசி எழுதினே?"

"வாயால கேட்டா முடியாதும்பீங்க. எழுதிக் குடுத்தா படிக்காம சரி போட்டுடுவீங்க."

"அப்ப அவ்ளோ காரணம் எதுக்கு எழுதினே?"

"வாணி அக்கா மார்க் போடணும்ல."

வூட்டுக்கு வந்து அவர் கட்டில்ல உக்காந்தார். தூங்கற நேரம்தான், தூக்கம் வரல. என் மடியில இருந்த கத்தையைப் பாத்தார். "அதையாவது படி. பசங்க என்னைப் பத்தி இன்னா எழுதியிருக்காங்கன்னு பாப்போம்." மொத மொதலா அவர் வாயில இருந்து 'படி'ன்னு நேரா வந்துச்சு. செக் பண்ணணும்னு சொல்லல. இதுக்கா இத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தேன்னு இருந்துச்சு. பிரிச்சேன்.

முதல்ல ஷில்பா. 'அன்புள்ள நளினி அத்தை, இனிமேல் எல்லா வாரமும் மாமாவே படிக்க வேண்டும். ஏனென்றால் நீங்கள் ரெஸ்ட் எடுக்கலாம். ஸ்டூலில் உட்கார்ந்தால் உங்களுக்கு முதுகு வலிக்கும்.'

எனக்கு முதுகு வலிச்சதே இல்ல.

அடுத்தது விநாயக். 'நீங்கள் படிப்பது கடைசியில் இருக்கும் எனக்குக் கேட்காது. மாமா படிப்பது எங்கள் பாட்டிக்கு வீட்டிலேயே கேட்டது. வருத்தப்படுவேன் என்று சொல்வீர்கள். வருத்தப்பட வேண்டாம், நீங்கள் எங்களோடு உட்கார்ந்து கதை கேட்கலாம்.'

கேக்கறது அவங்களுக்கு, காரணம் எனக்கு. நான் எப்படி முடியாதும்பேன்னு யோசிச்சு அதுக்கும் பதில். ஒரு பிசகு இல்ல. கத்துக் குடுத்தது நான்தானே, எங்கயாவது தப்பு பண்ணியிருக்கக் கூடாதா பசங்க?

கட்டில்ல இருந்தவர் எழுந்து நின்னுட்டார். "எல்லா வாரமுமா? ஞாயித்துக்கிழமையா? ஒவ்வொரு வாரமும் வேற புத்தகமா? நளினி, முடியாதுல டிக் போடு! எல்லாத்துலயும் போடு!"

யோசிச்சுப் பாருங்க. கல்யாணமானதுல இருந்து அவரும் நானும் ஒரே நேரத்துல ஒரே விஷயத்துக்கு ஆசைப்பட்டது அன்னிக்குத்தான். பேனா என் கையில. ஒரு டிக் போதும். அவருக்குத் தூக்கம், எனக்கு ஸ்டூல்.

தென்றல் எதிர்ல நின்னுக்கிட்டிருந்தா. "அம்மா, என்னுதைப் படிக்கலியே."

பிரிச்சேன். ஒரே வரிதான்.

'நீங்கள் சரி என்று போடுவீர்கள், ஏனென்றால் நீங்கள் இதுவரை யாருக்கும் எதற்கும் முடியாது என்று சொன்னதே இல்லை.'

அவர் படிக்காம கையெழுத்து போட்டார். நான் ஒவ்வொரு வரியும் படிச்சுட்டு, எல்லாத்துலயும் 'சரி'யில டிக் போட்டு, அழகா 'கௌ. நளினி'ன்னு கையெழுத்தும் போட்டேன். ரெண்டு பேர்ல யாரு பெரிய ஏமாளின்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப எல்லா ஞாயித்துக்கிழமையும் அவர்தான் படிக்கறார். தென்றலுக்கு அப்பா முழிச்சிருக்கற ஒரு நாள் கிடைச்சிடுச்சு. அவளுக்கு வேண்டியது அதுதான்னு இப்பத்தான் புரியுது. அதை என்கிட்ட வாயால சொல்லியிருந்தா நானே ஏதாவது வழி பண்ணியிருப்பேன். என்கிட்ட சொல்லி இன்னா ஆகும்னு நினைச்சிருப்பா. அவ நினைச்சதுல தப்பும் இல்ல. நாளைக்கு குரங்குக் கதை. மூக்குக் கண்ணாடி வேணும்னு குரங்கு டாக்டருக்குக் கடுதாசி எழுதுதாம். அவர் உள்ள புத்தகத்தை வெச்சுக்கிட்டு குரங்கு மாதிரி சத்தம் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கார்.

நானும் ஒரு கடுதாசி எழுதலாம்னு இருக்கேன். வகுப்புல இருக்கற எல்லாருக்கும் சேத்து ஒண்ணு. மாசத்துல ஒரு வாரமாவது ஸ்டூலை எனக்குக் குடுங்கன்னு. காரணம் எல்லாம் யோசிச்சு வெச்சுட்டேன். ஒண்ணு, மாமா தூங்கலன்னா திங்கக்கிழமை ரயில்ல தூங்கிப்போயி, நம்ம ஸ்டேஷனை வுட்டுட்டு கடைசி ஸ்டேஷன் மாரிக்குப்பத்துல போயி இறங்கறார், உங்க மாமா தொலைஞ்சு போனா கதை யாரு சொல்லுவாங்க. ரெண்டு, மாமா பக்கத்தை எல்லாம் எச்சில் தொட்டுத் திருப்பறார், யானைக்கு ஏற்கெனவே ஒரு காது போயிடுச்சு. ரெண்டும் அவங்களுக்கான காரணம். பாடப்படி சரியா இருக்கு. மூணாவது ஒண்ணு இருக்கு. அதுதான் எழுத வர மாட்டேங்குது, ஏன்னா அது எனக்கான காரணம்.

"நளினீ! குரங்கு இந்தப் பக்கத்துல டாக்டர்கிட்ட இன்னாம்மா சொல்லுது? வந்து படி, சீக்கிரம்!"

இதோ வரேங்கன்னு சொன்னேன். அவருக்குக் கேக்கல. திரும்பவும் கூப்பிடறார். மூணாவதை மட்டும் எழுதி வெச்சுட்டுப் போயிடறேன். அந்த ஸ்டூல்ல உக்காந்து புத்தகத்தைத் திறந்தா எனக்கு என் பேரு... இதோ, வந்துட்டேங்க!